ரிப்போர்ட்டில் ஒரு படகு

வேதமுத்துவைக் கண்மாயிலிருந்து தூக்கிக் கரையில் கிடத்தியபோது பகல் மூன்று மணி. அவன் மனைவி தெரசாள் அழவில்லை. அவனுடைய வலது கையை விரித்துப் பார்த்தாள். உள்ளங்கையில் கருவேல முட்கள் ஆழமாக ஏறியிருந்தன. மூழ்கிய மரத்தின் கிளையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் தொங்கியவனின் கை அது.

பண்ணை முதலாளி ராஜகுரு, யுத்தம் முடிவதற்கு முன்பே தூத்துக்குடியிலிருந்து ஒரு சிறு படகு வாங்கி வந்திருந்தார். கண்மாய் பெருகினால் உல்லாசமாகச் சுற்றலாம் என்று ஆசை. மழை இரண்டு வருடம் ஏமாற்றியது. படகு வைக்கோல் கொட்டகையில் காய்ந்து கிடந்தது. கடற்கரைக்காரனாக இருந்தால் அதை முதலில் இரண்டு நாள் தண்ணீரில் ஊறப் போட்டிருப்பான். கரிசல்காட்டில் அது யாருக்குத் தெரியும்? பலகைகள் சுருங்கி, இடுக்குகள் வாய் பிளந்திருந்தன. இந்தக் கார்த்திகையில் கண்மாய் நிறைந்ததும் அப்படியே இறக்கிவிட்டார்கள். ராஜகுருவும் மதுரை நண்பர்கள் இருவரும் ஏறினார்கள். துடுப்புப் போட, பண்ணையாள் வேதமுத்து.

நடுக்கண்மாயில் படகு தண்ணீர் நிறைந்து மூழ்கியது. மூவர் நீந்திக் கரையேறினார்கள். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மூக்கம்மாள், "வேதமுத்து எங்க சாமி?" என்று கேட்டிருக்கிறாள். "பின்னால வாரான்" என்றார் ராஜகுரு. அப்போது மணி பத்து. நண்பர்களை ஏற்றிக்கொண்டு ராஜகுருவின் கார் ஊருக்குள் புகுந்து, பந்தல்குடி ரோட்டை நோக்கிப் போய்விட்டது. கரைக்கு மறுபக்கம் மிளகாய்க் காட்டில் இருபது பேர் வேலை செய்தார்கள். எல்லாரும் கிணற்றில் குதித்து நீந்திப் பழகியவர்கள். அவர்களிடம் ஒரு சொல் சொல்ல ஆளில்லை. இரண்டு மணிக்குத்தான் பண்ணையிலிருந்து செய்தி வந்தது: மாடு குளிப்பாட்டப் போன வேதமுத்துவைக் காணோமாம்.

கிராம முன்சீப் சங்கரலிங்கம் வீட்டு முற்றத்தில் ஊர் கூடியது. துர்மரணம் நடந்தால் முன்சீப் உடனே திருச்சுழி ஸ்டேஷனுக்கு ரிப்போர்ட் எழுத வேண்டும். நிலத்துக்காரரும், விவரம் தெரிந்தவர்களும் தாமதமில்லாமல் தெரிவிக்க வேண்டும். அது சட்டம். மாடு குளிப்பாட்டும்போது கால் தவறினான் என்று பஞ்சாயத்தார் ஐவர் கையெழுத்திட்டால் இன்றே அடக்கம் செய்யலாம். படகு என்று எழுதினால் போலீஸ் வந்து பார்க்கும்வரை உடல் கரையிலேயே கிடக்க வேண்டும்.

"அண்ணாச்சி, சுருக்கமா எழுதுங்க" என்றார் நாற்காலியில் இருந்த ராஜகுரு. "செத்தவனைக் காயப் போட்டுக்கிட்டு இருக்கிறது பாவம். தேக்குல பெட்டி செய்யச் சொல்லியிருக்கேன்."

முற்றத்து வெயிலில் உட்கார்ந்திருந்த தெரசாள் நிமிர்ந்தாள்.

"உசுரோட இருந்தப்ப ஒரு குரல் குடுக்க வாய் வரல. இப்ப பெட்டி குடுக்க வருதோ?"

"ஏத்தா, மரியாதையாப் பேசு."

"மரியாதையாத்தான் சாமி இத்தனை வருசமும் பேசினோம். படகுன்னு எழுதச் சொல்லுங்க. பத்து மணின்னு எழுதச் சொல்லுங்க. வேற ஒண்ணும் கேக்கல."

சங்கரலிங்கம் பேனாவைத் தொட்டுத் தொட்டு வைத்தார். பயந்தவர், கெட்டவர் அல்ல. "தெரசா, நீங்க வேதக்காரவுக. உங்க சாமி மன்னிக்கத்தானே சொல்லியிருக்காரு?" என்றார்.

"மன்னிக்கிறது என் பாடு ஐயா. அதை நானும் என் ஆண்டவரும் பாத்துக்கிடுவோம். எழுதுறது உங்க பாடு."

பஞ்சாயத்தார் ஐவரும் பண்ணை நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர்கள். ஒருவரும் தலை நிமிரவில்லை.

அப்போது முன்சீப்பின் மனைவி முருகேஸ்வரி ஒரு செம்பு நீராகாரத்தோடு உள்ளேயிருந்து வந்தாள். தெரசாளின் கையில் செம்பைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுத் திரும்பவில்லை, அந்த மண்ணிலேயே, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அந்த வீட்டுப் பெண்கள் அப்படி உட்கார்ந்ததை ஊர் பார்த்ததில்லை.

"உள்ள போ" என்றார் சங்கரலிங்கம்.

"நீங்க எழுதி முடிங்க. வாரேன்."

மனிதரைத் திருத்தக் கடவுள் பெரிய அற்புதம் எதையும் தேடுவதில்லை. மனைவி வெயிலில் இருக்கிறாள், தான் நிழலில் இருக்கிறோம் என்பது சங்கரலிங்கத்துக்கு உறைத்தது. வெட்கம் வந்தது, வெட்கத்தின் பின்னாலேயே கோபமும் வந்தது. பேனாவை மையில் முக்கினார்.

எழுத எழுத உரக்கப் படித்தார். படகு யாருடையது, ஏறியவர்கள் யார் யார், மூழ்கிய நேரம் பத்து, தகவல் வந்த நேரம் இரண்டு. ராஜகுரு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"அடுத்த வருசம் இந்த உத்தியோகம் உங்ககிட்ட இருக்காது அண்ணாச்சி."

"இருக்காதுதான் தம்பி. இன்னைக்கு இருக்கு."

ஐவரும் கையெழுத்திடவில்லை. மூக்கம்மாள்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "பின்னால வாரான்னு இவுக சொன்னாக. நானும் நம்பி ஆட்டப் பத்திக்கிட்டுப் போயிட்டேன், பாவி மக" என்று தலையில் அடித்துக்கொண்டு, பெருவிரலை மையில் அழுத்தி உருட்டினாள்.

தலையாரி கருத்தப்பாண்டி காகிதத்தை மடித்துத் தலைப்பாகையில் செருகினான். ராஜகுரு குரலைத் தணித்துக்கொண்டு, "ஏன் நடக்கிற? கார்லயே குடுத்தனுப்புறேன்" என்றார்.

"வேண்டாம் சாமி. காலையில அந்தக் காரு இந்தத் தெரு வழியாத்தான் போச்சு. அப்ப நிக்காத காரு இப்ப எதுக்கு?"

சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தான்.

தெரசாள் கரைக்குத் திரும்பினாள். பொழுது சாயும் முன் நல்லமுத்து அங்கே வந்தார். கையெழுத்திடாத ஐவரில் ஒருவர். வண்டிக் கூண்டிலிருந்து கழற்றிய பாயைத் தோளில் சுமந்து வந்திருந்தார். நாலு கம்பு ஊன்றி, வேதமுத்துவின் மேல் பனி விழாதபடி அதைக் கட்டினார். கட்டி முடித்தும் போகாமல் நின்றார்.

"ஆத்தா..."

"பாய் கொண்டாந்ததுக்கு நல்லா இருங்க" என்றாள் தெரசாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "நாளைக்குப் போலீசு வந்து கேக்கும். அப்ப வாயத் தொறங்க. அதுவரைக்கும் எங்கிட்ட ஒண்ணும் பேசாதீக."

நல்லமுத்து பாயின் தளர்ந்த மூலையை இன்னொரு முறை இறுக்கிக் கட்டிவிட்டு, கொஞ்சம் தள்ளிப் போய்க் கரையிலேயே உட்கார்ந்துகொண்டார்.