குலுக்கலில் விழாத மருந்து

தையல்காரிக்கு முதல் கோபம் அந்தக் கம்ப்யூட்டர் மேல்தான். அவள் கணவருக்கும் மூளையில் கட்டி, ஒரு கணக்கு வாத்தியாருக்கும் மூளையில் கட்டி. ஒரே மருத்துவமனையில், ஒரே மருந்து ஆய்வில்தான் இருவரும் சேர்ந்தார்கள். கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டதில் வாத்தியாருக்குப் புது மருந்து விழுந்தது. லாரி ஓட்டிய அவள் கணவருக்குப் பழையது.

மருந்து ஒன்றுதானாம். சும்மா ஏற்றினால் மூளையின் காவலைத் தாண்டி அதில் கொஞ்சம்தான் உள்ளே போகும். புதியதில் அதை நானோ துகள்களுக்குள் அடைத்து அனுப்புகிறார்கள், அவை நழுவிப் போய்க் கட்டியில் சேரலாம் என்றார் டாக்டர். பலிக்குமா என்று போகப் போகத்தான் தெரியும் என்றும் சொன்னார். அதெல்லாம் அவள் காதில் ஏறவில்லை.

போகப் போக வாத்தியார் கைத்தடியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தார். சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டார். இங்கே இவரோ ஸ்பூனைக் காட்டி "கியர் எடு" என்றார். வாத்தியார் மனைவி அவளை அக்கா அக்கா என்று சுற்றிவருவாள். இவளும் சிரித்துப் பேசுவாள். உள்ளுக்குள் வயிறு பற்றி எரியும். அடுத்த ஸ்கேனில் அந்த ஆளுக்குக் கட்டி பெருத்திருக்கக் கூடாதா என்றுகூட ஒருநாள் நினைத்துவிட்டாள்.

அன்று இருவருக்கும் மருந்து ஏற்றும் நாள். காத்திருப்பு அறையில் வாத்தியார் மனைவி அவள் காதருகே குனிந்தாள். விடியலிலிருந்து அவருக்கு நடுக்கமும் காய்ச்சலுமாம். மாத்திரை கொடுத்து இறக்கிக் கூட்டிவந்திருக்கிறாள். சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள் என்று பயம்.

"உங்க வீட்டுக்காரருக்கும் இப்படி வருமாக்கா?"

தன் கணவருக்கு ஒருநாளும் வந்ததில்லை. நடுக்கம் வந்தால் உடனே சொல்ல வேண்டும் என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னதும் நினைவிருந்தது.

"வரும்மா. சாதாரணம்தான்," என்றாள்.

சொன்ன வாயோடு கணவரைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போய்ப் படுக்கவைத்தாள். போர்வையை இழுத்துவிட்டு நிமிர்ந்தாள். எதிர்க் கட்டிலில் வாத்தியார் மருந்து ஏற்றச் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவள் நேராக நர்ஸிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

மருந்தை நிறுத்தினார்கள். ரத்தத்தில் கிருமி ஏறியிருந்தது. இதோடு மருந்தும் ஏறியிருந்தால் ஆள் தேறியிருக்க மாட்டார் என்றார் டாக்டர். வாத்தியாரை வார்டில் சேர்த்தார்கள்.

வாத்தியார் மனைவிக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை. வார்டு வாசலில் தையல்காரியை மறித்தாள்.

"சாதாரணம்னு என்கிட்ட சொல்லிட்டு, பின்னாலயே போய் நிறுத்த வச்சிட்டீங்களே. அவ்வளவு பொறாமையாக்கா?"

"பொறாமைதான்," என்றாள் தையல்காரி. "அதனாலதான் உன்கிட்ட பொய் சொன்னேன். நர்ஸ்கிட்ட சொன்னது பொறாமையில இல்ல."

அந்தப் பெண் வார்டுக்குள் திரும்பிப் போனாள். இருவருக்கும் இடையே பேச்சு அதோடு நின்றது. வாத்தியார் தேறி எழுந்தார், மருந்தும் தொடர்ந்தது. கட்டி இன்னும் சுருங்கியதாகச் செய்தி வந்தது. தையல்காரியின் கணவருக்குப் பெருக்கவுமில்லை, சுருங்கவுமில்லை. புது மருந்தை எல்லோருக்கும் கொடுப்பது பற்றி ஆய்வு முடிந்தபிறகுதான் யோசிப்பார்களாம்.

செய்தியைக் கேட்ட அன்றும் அவளுக்கு வயிறு எரியத்தான் செய்தது. அந்த ஆள் பிழைத்துக் கிடக்கட்டும் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு, கணவருக்குச் செருப்பை மாட்டிவிட்டாள்.