மூன்று மைல் சுவர்

உடற்பயிற்சிப் பிரச்சாரத்துக்கு இந்த நாட்டிலேயே மறுபேச்சில்லாமல் கீழ்ப்படிந்தது, ஆண்டிமடம் பக்கத்து முந்திரி வியாபாரி அரங்கநாதன் வீட்டுக் குளியல் சுவர் ஒன்றுதான். 1979 பங்குனியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அது எழுந்து நடந்தது.

முந்தின நாள்தான் சுகாதார ஆய்வாளர் சின்னதுரை அதில் காவியால் எழுதியிருந்தார்: ‘தினமும் மூன்று மைல் நடப்பீர், நோயின்றி வாழ்வீர்.’ வாசகம் காலனி மக்களுக்கானது. காலனியில் எல்லாம் மண்சுவர், எழுத்து நிற்காது. அதனால் அவர்கள் வேலைக்குப் போகும் வழியிலிருந்த ஒரே காரைச் சுவரைப் பிடித்தார். அரங்கநாதன் காட்டில் முந்திரிக்கொட்டை பொறுக்கப் போன காத்தாயி நின்று, “காட்டுக்குப் போக மூணு, வர மூணு நடக்குறோம் சார். மிச்ச மூணை யாருகிட்டத் திருப்பிக் குடுக்கணும்?” என்று கேட்டாள். சின்னதுரை நோட்டில் ‘மக்களிடம் நல்ல ஆர்வம்’ என்று குறித்துக்கொண்டார். கட்டிலில் கிடந்த அரங்கநாதன் சிரித்தார். “எங்க வம்சத்துல ஆறு தலைமுறையா ஒருத்தனும் நடந்ததில்லய்யா. நடக்குறது கால் இருக்கிறவன் பொழப்பு. எனக்கு வண்டி இருக்கு.”

மறுநாள் பெண்கள் கடந்ததும் சுவர் அஸ்திவாரத்தை விட்டுக் கிளம்பி அவர்கள் பின்னால் போயிற்று. உள்ளே சீயக்காய் தேய்த்துக்கொண்டிருந்த அரங்கநாதனுக்குப் பால்காரர் வணக்கம் சொன்னார். விளக்கு வைத்தபின் சுவர் திரும்பி வந்து தன் இடத்தில் நின்றது. அந்த நேரத்தில் குளித்தால் அவருக்கு இழுப்பு வரும். தென்னந்தட்டி கட்டிப் பார்த்தார். சுவருக்குத் துணையாக அதுவும் கிளம்பியது. வண்டி கட்டித் துரத்தினார். மணிச்சத்தம் கேட்டாலே சுவர் இரண்டு ஃபர்லாங் தள்ளிப் போய் நின்றது. ஏழாம் நாள் மனைவி ராசாத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு சோற்றைக் கொல்லையில் வைத்தாள்.

“செவுத்தை விட்டுட்டுப் போங்கடி!” என்று அரங்கநாதன் காத்தாயியை மறித்தார்.

“நாங்களா கயிறு கட்டி இழுக்குறோம் மொதலாளி? எம்மவ பாப்பாத்தி வயசுக்கு வந்ததுலேருந்து காட்டுல ஒதுங்க ஒரு மறைப்பு கேட்டோம், குடுத்தீங்களா? இப்ப அதுவா வருது.”

எட்டாம் நாள் கூடைகளோடு பெண்கள் முன்னே போக, நடுவில் சுவரும், பத்தடி தள்ளி இடுப்பில் துண்டும் கையில் வாளியுமாக அரங்கநாதனும் போனார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. காட்டுக் கிணற்றடியில் சுவர் நின்றதும் அவர் குளிக்க அதன் மறைவுக்கு வேகமாகப் போனார். “வரிசை இருக்குங்க மொதலாளி,” என்றாள் காத்தாயி.

1983 ஐப்பசி மழையில் வாசகம் கரைந்து போயிற்று. ஆனாலும் சுவர் நேரத்துக்குக் கிளம்புகிறது, அவரும்தான். வரிசையில் ஐந்தாவது ஆள்.