மிஸ்ஸின் சீனி

வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் எங்கள் மிஷனின் வெள்ளைக்கார மிஸ் தோர்லி எழுந்து நின்று என் கணவரிடம் மன்னிப்புக் கேட்டார். எங்கள் வீட்டைச் சந்தேகம் பிடித்தது அன்றிலிருந்துதான்.

"ஸபுலோனி, மழை ஆரம்பிச்சதுலேர்ந்து என் சீனி கொறஞ்சுகிட்டே வருது. சமையல்காரன் நீதானே எடுப்பேன்னு நெனச்சுட்டேன். டப்பாவுல கோடு போட்டுக்கூட பாத்தேன். ஒன்னத் திருடனா நெனச்ச பாவத்துக்கு என்னை மன்னிச்சிரு."

சொல்லும்போதே மிஸ்ஸுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. வேஷமில்லை, உண்மையான கண்ணீர்தான்.

எங்கள் குன்றில் இந்தக் காரியம் நடக்கும் விதம் இதுதான். செய்த பாவத்தை எல்லார் முன்னாலும் சொல்லி வெளிச்சத்தில் வைக்க வேண்டும். ஒரு சகோதரனைப் பற்றி மனதில் தப்பாக நினைத்திருந்தாலும், அதை அவன் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட வேண்டும். அடுத்தது அவனுடைய முறை. கைகொடுத்து மன்னிப்பான். சொன்னதில் ஏதாவது நிஜம் இருந்தால், தன் பங்குக்கு அதையும் வெளிச்சத்தில் வைப்பான். இரண்டு பக்கமும் திறந்த பிறகுதான் யாராவது பாட்டெடுப்பார்கள். நல்ல ஏற்பாடுதான். பல வீடுகளில் பழைய புண்கள் ஆறியதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் மனதுக்குள் இருக்கும்வரை அந்தச் சந்தேகம் மிஸ் ஒருவருடையது, வெளியே வந்தபின் ஊருடையது. மிஸ் அதை யோசிக்கவில்லை.

"மன்னிச்சிட்டேன் மிஸ்" என்று என் கணவர் கைகொடுத்தார்.

யாரும் பாட்டெடுக்கவில்லை. கூட்டத்தை நடத்தும் எரியா அண்ணன் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"வேற ஒண்ணும் இல்லையா தம்பி?"

"இல்லண்ணே."

பெஞ்சுகள் கிறீச்சிட்டன. அவ்வளவுதான், கூட்டம் கலைந்தது.

ருவாண்டா பக்கத்துக் குன்றுகளிலெல்லாம் விசுவாசம் தீயாகப் பற்றும் எழுப்புதல் வந்துவிட்டது. அங்கே ஜனங்கள் அழுது, திருடிய மண்வெட்டிகளைத் திருப்பிக் கொடுத்து, துள்ளித் துள்ளிப் பாடுவதாகச் செய்தி வந்துகொண்டிருந்தது. எங்கள் குன்று மட்டும் ஈர விறகாகக் கிடந்தது. உபவாசம் இருந்து இருந்து மிஸ்ஸின் கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்திருந்தது. எழுப்புதலுக்குத் தடை எங்கே என்று எல்லாரும் தேடிக்கொண்டிருந்த சமயத்தில்தான் சீனி விஷயம் வந்தது. அடுத்த ஞாயிறு எரியா அண்ணன் ஆகானின் கதையை வாசித்தார். ஒருவன் கூடாரத்துக்குள் ஒளித்ததால் இஸ்ரவேல் முழுவதும் தோற்ற கதை. வாசித்து முடித்ததும் நிமிர்ந்து, எங்கள் பெஞ்சைப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடுபட்டார்.

ஊற்றடியில் தண்ணீருக்கு வந்த கெசியா என் குடத்துக்குள் எட்டிப்பார்த்தாள்.

"என்ன எசேசா, ஒங்க வீட்டுக் கூழு ரொம்ப இனிக்குதாமே? எங்களுக்கும் ஒரு வாய் ஊத்துறது."

"வா, வந்து குடி. வாய்க் கசப்பாவது போகும்."

சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, கணவருடைய கோட்டுப் பையை வெளியே இழுத்து நக்கிப் பார்த்தேன். உப்புக் கரித்தது. தையலோரத்தையும் விடவில்லை. நிமிர்ந்தால், விறகுக்கட்டோடு அவர் வாசலில் நிற்கிறார்.

"என்ன ருசி?" என்றார்.

நான் பையை உள்ளே திணித்தேன். அவர் விறகை இறக்கி வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். சாயங்காலம் எரியா அண்ணன் வந்தார். நாங்கள் இருக்கும் குடிசை மிஷன் நிலத்தில் இருக்கிறது. அதன் சுவரைத் தட்டிப் பார்த்து, "நல்ல சுவரு. மனசத் தொறக்காதவங்க இந்தக் குன்றுல எப்பிடி இருக்க முடியும், சொல்லு" என்று அன்பாகத்தான் கேட்டார்.

மறு வெள்ளிக்கிழமை என் கணவர் எழுந்தார். "நான்தான் எடுத்தேன்" என்றார்.

உடனே கெசியா அலறிக்கொண்டு விழுந்தாள். பக்கத்து அவரைத் தோட்டத்தின் எல்லைக்கல்லை நகர்த்தியது தான்தான் என்றாள். எரியா அண்ணன், பேச்சு முறிந்திருந்த தன் சொந்தத் தம்பியின் காலைப் பிடித்தார். ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள், பாட்டு கிளம்பியது, யாரோ முரசை எடுத்துவந்தார்கள். மிஸ் அழுகையும் சிரிப்புமாகச் சுவரில் சாய்ந்துவிட்டார். எழுப்புதல் வந்துவிட்டது. நானும் கைதட்டிப் பாடினேன். கோட்டுப் பையில் ஏன் இனிப்பில்லை என்ற நினைப்பு மட்டும் பாட்டோடு சேராமல் தனியாக நின்றது.

அந்தச் செய்தி கேட்டு வேறு மிஷனிலிருந்து விருந்தாளிகள் வந்தார்கள். அன்று காலை சீனி இருக்கும் அலமாரி அறையைத் துடைக்க மிஸ் என்னைக் கூப்பிட்டிருந்தார். அந்த அலமாரியின் அமைப்பு எனக்கு எப்போதும் பிடிக்கும். நான்கு கால்களும் நான்கு தகர டப்பாக்களில் நிற்கும். டப்பாவில் தண்ணீர், மேலே கொஞ்சம் மண்ணெண்ணெய். தரையிலிருந்து எறும்பு ஏற வழியில்லை. டப்பாக்களை நிரப்பிவிட்டு நிமிர்ந்தபோதுதான் கயிற்றைப் பார்த்தேன். மழை நாளில் துணி உலர்த்த, அலமாரியின் மேல் ஆணியிலிருந்து சுவர் வரை கட்டிய கயிறு. அதன்மேல் எறும்புகள் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் வாயிலும் வெள்ளையாக ஒரு பொடி.

"பெனினா அப்பா, இங்க வாங்க."

என் கணவர் கிழங்கு உரித்த கையோடு வந்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது. நான் எடுக்கலன்னு மட்டும் தெரியும்."

"அப்ப வெளிச்சத்துல நின்னு பொய் சொல்லிருக்கீங்க."

"கெசியா கல்ல எடுத்த எடத்துலயே வச்சிட்டா. எரியா அண்ணன் தன் தம்பி வீட்டுல சாப்பிட்டாரு. அதெல்லாம் பொய்யா?"

இவ்வளவு சீனியையும் எறும்பே தூக்கியிருக்குமா என்று அந்த நிமிஷத்திலும் என் மனம் கணக்குப் போட்டது.

வெளியே செருப்புச் சத்தம் நெருங்கியது. "ஸபுலோனி, எங்க இருக்க? நீ சொன்னத இவங்களுக்கும் ஒரு தடவை சொல்லணும்" என்றார் மிஸ். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

என் கணவர் என்னைப் பார்த்தார். அவிழ்த்தால் எறும்பு வந்த வழி தெரியாது; என் கை ஆணியில் இருந்த முடிச்சின்மேல் இருந்தது. ஓர் எறும்பு கயிற்றிலிருந்து என் விரலுக்கு ஏறி, வெள்ளைப் பொடியைக் கீழே போடாமல், எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தது.