முக்கோணக் கண்ணாடி ரப்பர்

கண்ணாடிக்கடைக்காரருக்குத் தன்னைப் பற்றி ஓர் உயர்ந்த அபிப்பிராயம் உண்டு. அதை ஆமோதிக்க வேறு ஆள் கிடைக்காததால் அவரே அவ்வப்போது தனக்குச் சொல்லிக்கொள்வார். ஊரில் பாதிப் பேர் மூக்கின் மேல் உட்கார்ந்திருப்பது அவர் பொருத்திக் கொடுத்த கண்ணாடிதான். அப்பேர்ப்பட்டவர் தன் பழைய காருக்குக் கண்ணாடி ரப்பர் மாற்ற மெக்கானிக்கைக் கூப்பிடுவாரா? "சட்டம் பெரிசு, கண்ணாடி பெரிசு, அவ்வளவுதானே" என்று கையை மடித்துவிட்டுக்கொண்டு ஷெட்டுக்குள் நுழைந்தார்.

கார் அவரைவிட வயதில் மூத்தது. வட்ட விளக்கும் வளைந்த முதுகுமாக வெயிலில் பார்த்தால் ராஜா மாதிரி நிற்கும். மழை வந்தால் மானம் போய்விடும். கண்ணாடிகளையும் கதவுகளையும் சுற்றியிருந்த ரப்பரெல்லாம் காய்ந்து வெடித்து, வெளியே பெய்வதைவிட உள்ளே கொஞ்சம் கூடுதலாகவே பெய்யும். போன மழைக்காலத்தில் அவர் மனைவி முன்சீட்டில் குடை விரித்து உட்கார்ந்து வந்ததைத் தெருவே பார்த்தது. அன்றிலிருந்து மச்சினன் அந்தக் காரைக் குளியலறை என்றுதான் சொல்கிறான். "என்ன அத்தான், குளியலறை ஸ்டார்ட் ஆச்சா?"

மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். பதவி உயர்வோடு வேறு ஊருக்கு மாற்றல் வந்திருந்தது. திங்கட்கிழமை கிளம்பியாக வேண்டும். அதற்கப்புறம் லீவு கிடைக்கும்போது வந்தால் உண்டு. கல்யாணமானதிலிருந்து இருவரும் பிரிந்து இருந்ததே இல்லை. மாற்றல் உத்தரவைக் காட்டியபோது அவர் சொல்ல நினைத்தது எவ்வளவோ. வாயில் வந்தது, "அங்க தண்ணி வசதியெல்லாம் எப்படி?" என்பதுதான்.

அந்தச் சமர்த்துக்கு ஈடுகட்ட, தானே காரில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். வழி முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள், எப்படியாவது மனதில் இருப்பதைச் சொல்லிவிடலாம் என்பது கணக்கு. மனைவி மூலையில் கிடந்த குடையைக் காட்டினாள்.

"புது இடத்துல நனைஞ்ச கோழி மாதிரி போய் நிக்கச் சொல்றீங்களா? ஞாயித்துக்கிழமை நானே ஹோஸ் பிடிச்சு அடிச்சுப் பார்ப்பேன். ஒரு சொட்டு உள்ள வந்தாலும் டாக்ஸிதான், சொல்லிட்டேன்."

ஆக, அவருடைய இல்லறம் இப்போது ரப்பரில் தொங்கிக்கொண்டிருந்தது.

முன்கண்ணாடியில் ஆரம்பித்தார். அதற்கு ஒரு வித்தை உண்டு. ரப்பரைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டி, ரப்பரின் பள்ளத்தில் ஒரு கயிற்றை ஓட்டி, கயிற்று நுனிகள் காருக்குள் தொங்கும்படி கண்ணாடியைச் சட்டத்தில் நிறுத்த வேண்டும். உள்ளேயிருந்து கயிற்றை இழுக்க இழுக்க, ரப்பரின் உதடு இரும்பு விளிம்பைத் தாண்டி மடிந்து உட்காரும். எல்லாவற்றையும் அப்படியே செய்துவிட்டதாகத்தான் அவர் நினைத்தார். உள்ளே ஏறி உட்கார்ந்து கயிற்றைத் துழாவியபோதுதான், அது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காற்றில் ஆடிக்கொண்டிருப்பது தெரிந்தது. "பிரமாதம்டா மாப்ளே" என்று தன்னையே தட்டிக்கொடுத்துவிட்டு, எல்லாவற்றையும் கழற்றி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அடுத்தது கதவுகள். சுற்றிலும் புது ரப்பர் மாட்டுவதற்காக உள்பக்கக் கைப்பிடிகளைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு, தொலைந்துவிடக் கூடாதே என்று ஷெட் அலமாரியில் வைத்தார். கதவின் முன்மூலையில் சின்ன முக்கோணக் கண்ணாடி ஒன்று இருக்கும். தன் பக்கத்துக்கு ரப்பரை மாட்டிவிட்டார். மனைவி உட்காரும் பக்கத்துக்கு வந்த ரப்பர் விறைத்துக்கொண்டு நின்றதால், அதைச் சோப்புத் தண்ணீர் வாளியில் ஊறப் போட்டுவிட்டு, கண்ணாடியை வெறுமனே சாய்த்து வைத்தார். பிறகு காபி குடிக்கப் போனார். காபி குடித்த சுகத்தில் ரப்பர் மறந்து போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மனைவி ஹோஸும் கையுமாக வந்தாள். அவர் மடியில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திய காருக்குள் உட்கார்ந்து, விறைத்த புது ரப்பரோடு மல்லுக்கட்டி, கதவைப் படாரென்று அறைந்து சாத்தினார்.

அவள் முன்கண்ணாடியில் அடித்தாள், கூரையில் அடித்தாள், அவர் பக்கக் கதவில் அடித்தாள். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. செய்தித்தாள் மொடமொடவென்று இருந்தது. வெளியே மனைவியின் வாய் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் கூரையில் தடதடக்கும்போது யார் பேசினாலும் கேட்காது என்பது அவர் புத்திக்கு எட்டவில்லை. தண்ணீர் என்ன, சத்தம்கூட உள்ளே வர முடியவில்லை பார் என்று மார்தட்டிக்கொண்டார்.

வெற்றி வீரராக இறங்கக் கைப்பிடியைத் தேடினார். அது இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஓட்டை இருந்தது. கைப்பிடி பத்திரமாக அலமாரியில் இருந்தது.

கதவைத் திறக்கச் சொல்லிக் கையைக் காலை ஆட்டினார். மனைவி குழாயை மூடிவிட்டு வந்து வெளிப்பிடியின் பொத்தானை அழுத்தினாள். ரப்பரின் இறுக்கத்தில் கதவு அசையவில்லை. கதவை இடுப்பால் உள்ளே தள்ளிக்கொண்டே அழுத்த வேண்டும் என்பதை அவர் உட்கார்ந்தபடியே இடுப்பை ஆட்டி நடித்துக் காட்டினார். தெருவில் போன ஒருவர் நின்று பார்த்துவிட்டு வேகமாக நடையைக் கட்டினார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு, காரைச் சுற்றி மறுபக்கம் போனாள்.

"சிரி, நல்லா சிரி" என்றார் அவர், முன்கண்ணாடியைப் பார்த்து. எப்படியும் கேட்காது என்ற தைரியம். "நாளையிலேர்ந்து இந்தச் சிரிப்புக்கு நான் எங்க போவேன்? செருப்பை ஒழுங்கா விடுங்கன்னு திட்டக்கூட வீட்ல ஆள் இருக்காது. போகாதேன்னு சொல்ல மாட்டேன். நீ உழைச்சு வாங்கின பதவி, அதைத் தடுத்தா நான் மனுஷனே இல்ல. ஆனா நீ இல்லாம எனக்கு ஒரு பொழுதும் ஓடாதும்மா. இதைச் சொல்லத் துப்பில்லாமத்தான் ரப்பரைக் கட்டிக்கிட்டு அழறேன்."

"அழுதது போதும், மூக்கைத் துடைங்க."

குரல் மிகப் பக்கத்தில், தெளிவாகக் கேட்டது. அவர் துள்ளியதில் தலை கூரையில் இடித்தது. மறுபக்கக் கதவின் முக்கோணக் கண்ணாடி சரிந்து கிடந்தது. அந்த இடுக்கில் மனைவியின் கண்கள் தெரிந்தன. அவை நனைந்திருந்தன, அது ஹோஸ் தண்ணீர் இல்லை.

"எ... எதுலேர்ந்து கேட்ட?"

"சிரி, நல்லா சிரியிலேர்ந்து."

ஊருக்கெல்லாம் பார்வை கொடுக்கிற மனிதருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த ஓட்டை கண்ணில் படவில்லை. அசடு வழிய உட்கார்ந்திருந்தார். மனைவி இடுப்பால் ஓர் இடி இடித்துக் கதவைத் திறந்தாள். ஷெட்டுக்குள் போய், வாளியிலிருந்து ரப்பரை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினாள்.

"தோத்துட்டேன்" என்றார் அவர். "டாக்ஸிக்குச் சொல்லிடறேன்."

அவள் ரப்பரை மறுபடி வாளிக்குள் போட்டாள். "இது ஊறட்டும். டாக்ஸி வேணாம்."

திங்கட்கிழமை மழை பெய்தது. கைப்பிடிகளை மட்டும் மறக்காமல் திரும்ப மாட்டியிருந்தார். மனைவி மடியில் துண்டை விரித்துக்கொண்டு, சொட்டுவதைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கார் முழுக்க அவள் பக்கம் மட்டும்தான் ஒழுகியது. அவர் வழி நெடுகப் பேசினார். கியர் எப்படி விழுகிறது, பிரேக் எப்படிப் பிடிக்கிறது, இந்த ரப்பர் எத்தனை காலம் உழைக்கும் என்று விளக்கினார். சொல்ல வேண்டியதைத் தவிர எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது, ஆஸ்பத்திரி வாசல் வந்துவிட்டது.

அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கி, கதவை அறைந்து சாத்தினாள். உடனே போய்விடவில்லை. மழையில் குனிந்து, முக்கோணக் கண்ணாடியின் இடுக்கில் காதை வைத்துக்கொண்டு நின்றாள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். முன்கண்ணாடியைப் பார்த்தபடி, நேற்றுச் சொன்னதையெல்லாம் மறுபடி ஒருமுறை சொன்னார், இந்தத் தடவை கேட்கும் என்று தெரிந்தே.