சத்தம் மாறிய வண்டி

பிக்கப் வண்டியின் இன்ஜினை மாற்றச் சொல்லி மெக்கானிக் அப்துல் ரசாக் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார். ஜாபஸ் தட்டிக்கழித்துக்கொண்டே வந்தான். கடைசியில் வண்டியே முடிவெடுத்தது. முகப்பேர் கடைகளுக்கு முட்டை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், இருக்கிற ஆயிலையெல்லாம் ரோட்டில் கொட்டிவிட்டு நடுவழியில் நின்றது.

கட்டி இழுத்துக்கொண்டு சென்னீர்குப்பம் பட்டறைக்கு வந்து சேர்ந்தபோது மதியம். ரசாக் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

“முட்ஞ்சிது நைனா. இத்தப் பேரீச்சம்பழத்துக்குத்தான் போடணும்.”

“சிலிண்டரைக் கடைஞ்சு ரீபோர் பண்ண முடியாதா பாய்?”

“பிளாக்கு ஓட்டையில என் கையே பூறுது. இன்னாத்த ரீபோர் பண்றது? இதே மாடல்ல பழைய இன்ஜின் ஒண்ணு கீது. ஓட்டிக் காட்றேன், காதால கேளு.”

மூலையில் இரும்புச் சட்டத்தில் உட்கார்ந்திருந்த இன்ஜினுக்கு பேட்டரி வயரைக் கொடுத்தார். தொட்டதும் பிடித்துக்கொண்டது. ஜாபஸின் பழைய இன்ஜின் ஆஸ்துமாக்காரன் போல இழுத்து இழுத்துப் பேசும். இது வாயை மூடிக்கொண்டு முனகியது.

“எப்டி? வெண்ண மாரி கீதா?”

“சத்தம் வேற மாதிரி இருக்கு.”

“வேற இன்ஜினு. வேற சத்தம். மாப்ள மாறினா குறட்ட மாறாதா?”

ரசாக் சிரித்தார். ஜாபஸ் சிரிக்கவில்லை.

சத்தம்தான் அவனுக்கு வேண்டியிருந்தது. அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் அவன் வீடு. பிக்கப் தெருமுனை திரும்பும்போதே அவன் மனைவி ஸ்வீட்லின் கேட்டுவிடுவாள். அவன் வாசலுக்கு வருவதற்குள் இரும்புக் கேட்டின் இடது கதவு திறந்திருக்கும். இடது மட்டும்தான். வலது கதவின் அடித்தாழ்ப்பாள் துருப்பிடித்துத் தரைக்குழியில் இறுகிக் கிடக்கும். “அத நீங்களே எறங்கி எடுங்க. என் நகம் போயிடும்” என்பாள். அவனும் தினம் முணுமுணுத்துக்கொண்டே இறங்குவான்.

போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல். ஸ்வீட்லின் போய்விட்டாள். கல்லறையிலிருந்து வந்தவன் அழவில்லை. மறுவாரமே லோடு எடுத்தான். அன்று சாயங்காலம் தெருமுனை திரும்பினால், இடது கதவு திறந்திருந்தது.

காற்று என்று நினைத்தான். அந்தக் கொக்கியைக் காற்று தூக்காது. பக்கத்து வீட்டு சுலோசனா என்று நினைத்தான். அவர் வீடு பூட்டிக் கிடந்தது. பிறகு நினைப்பதை நிறுத்திவிட்டான். காலையில் கொக்கி போட்டுவிட்டுப் போவான். சாயங்காலம் திறந்திருக்கும். யாரிடமும் சொல்லவில்லை. எம்.காம். படித்தவன் இதை எந்த வாயால் சொல்வான்?

இன்ஜின் மாறினால் அவளுக்கு அடையாளம் தெரியாது. அவனுடைய பயமெல்லாம் அதுதான்.

“பாய், பழைய சைலன்சரையே மாட்டுங்க. புதுசு வேணாம்.”

“அது ஓட்ட சைலன்சர்பா.”

“பரவாயில்ல. சத்தம் கொஞ்சமாவது அப்படியே இருக்கும்ல?”

“படிச்ச புள்ள பேசற பேச்சா இது? தொண்டைய மாத்திட்டு மூக்க மட்டும் பழசா வெச்சுக்கினா கொரலு வந்துருமா?” அலுத்துக்கொண்டே அதையே மாட்டினார்.

செயின் பிளாக்கில் புது இன்ஜின் தொங்கி இறங்கும்போது ஜாபஸ் கேட்டான். “இது யார் வண்டியோடது?”

“ஆவடில கஜபதின்னு ஒருத்தர். நல்லா ஓடிகினு இருந்த வண்டிதான். சம்சாரம் தவறிப் பூட்டாங்க. அப்பால இவரு வண்டிய ஊட்டாண்டயே எட்த்துகினு போவல. தெருமுனையிலயே வுட்டுட்டு நடந்து போவாரு. ‘சத்தம் கேட்டா அவ எழ்ந்து வரா பாய், வித்துரு’ன்னாரு. பிரிச்சு வித்துட்டேன். துக்கத்துல ஆளுங்க எத்தயாச்சும் பேசுவாங்க.” ரசாக் போல்ட்டை முறுக்கினார்.

மறுநாள் வேலை முடிந்து ஜாபஸ் வண்டியை எடுத்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. ஏரிமேல் வெளிச்சம் மிச்சமிருந்தது. பாதி பழைய இரைச்சலும் பாதி புது முனகலுமாக வண்டி போயிற்று.

தெருமுனை திரும்பினான். கேட் மூடியிருந்தது.

வாசலில் நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தான். ஹாரன் அடிக்கவில்லை. அடிக்கிற வழக்கமே இருந்ததில்லை. கேளு, நான்தான் என்று மனதுக்குள் சொன்னான். ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்தினான்.

கிறீச்சென்று ஒரு சத்தம். வலது கதவின் துருப்பிடித்த தாழ்ப்பாள் குழியிலிருந்து மேலே ஏறியது. அதற்குப் பிறகுதான் இடது கதவின் கொக்கி ஆடியது. பழக்கமில்லாத கை தடவுவது போல இப்படியும் அப்படியும் ஆடி, விடுபட்டது.

முதலில் வலது கதவும் பிறகு இடது கதவும் மெல்லப் பின்னால் போய்ச் சுவரோடு நின்றன. வாசல் சிமெண்டில் இப்போதுதான் தெளித்த தண்ணீர். மஞ்சள் பூசிக் குளித்த வாசனை வந்தது. ஸ்வீட்லின் மஞ்சள் பூசியதே இல்லை.

யார் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. பின்னால் எடுத்துவிடலாமா என்று கண்ணாடியைப் பார்த்தான். ஆனாலும், யாரோ கதவு திறந்து காத்திருக்கிறார்கள். பேசாமல் உள்ளே போய்விட்டால் என்ன? நாளைக்கும் திறந்திருக்கும். கிளட்சை விட்டான். முன்சக்கரம் சரிவில் ஏறியது.

இடது கதவு சுவரிலிருந்து பிரிந்தது. அவசரமே இல்லாமல் வந்து, வண்டியின் மூக்குக்கு முன்னால் குறுக்கே நின்றது. கோபத்தில் ஸ்வீட்லின் கதவைச் சாத்துவது அப்படித்தான். அறைய மாட்டாள்.

பிரேக்கை மிதித்தான். வண்டியைத் தெருவுக்குப் பின்னால் உருளவிட்டுச் சாவியைத் திருப்பினான். முனகல் நின்றது. இறங்கிப் போய், திறந்திருந்த வலது பக்கத்தைப் பார்த்துப் பேசினான்.

“அம்மா, கஜபதி அண்ணன் இதுல வரல. அவர் ஆவடிலதான் இருக்காரு. இது வெறும் இன்ஜின். நான் வாங்கிட்டேன்.”

பிறகு வலது கதவு வந்து சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் டக்கென்று குழியில் விழுந்தது. மஞ்சள் வாசனை நின்றுவிட்டது.

இப்போது இடது கதவு. அடையாளம் சொல்ல அவனிடம் எந்தச் சத்தமும் இல்லை. கல்லறையை விட்டு வந்த பிறகு அந்தப் பெயரை அவன் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை.

“ஸ்வீட்லின்.” இடது கதவருகே போனான். “இன்ஜின் மாத்திட்டேன்டி. நான்தான்.”

இடது கதவு கையளவு விலகி நின்றது. வந்திருப்பது யாரென்று உள்ளேயிருந்து பார்க்கிற அளவு.