கவ்ரில் கொண்டுவந்த வாழ்த்துகள்

இதனால் வானத்தின் கீழ் உள்ள சகல ஜனங்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், ருமேனியாவின் கிரிஷ் ஆற்றங்கரைப் பாப்டிஸ்ட் சபையில் காலியாகக் கிடக்கும் உதவிக்காரர் பதவிக்கு கவ்ரில் என்பவர் தகுதியானவர்தானா என்று, இந்த அக்டோபர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு, பரிசுத்தவான்கள் கூடி ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள், ஆகவே பூமியே அசையாதே, காற்றே அடங்கு, கவ்ரிலே வெளியே போ... வெளியே என்றால் சபைக்குப் பின்னால், விறகுக் கொட்டகைக்கும் கக்கூஸுக்கும் நடுவில் கிடக்கிற பெஞ்சு. ஆளை எதிரில் வைத்துக்கொண்டு அவன் குணத்தைப் பேசுவது மரியாதை இல்லை என்று அந்தக் காலத்திலேயே ஏற்பாடு செய்துவிட்டார்கள், ஒருவனைப் பற்றி உண்மை பேச வேண்டுமானால் அவன் அங்கே இருக்கக் கூடாது, அது சரிதான், அவனும் இல்லாமல் உண்மையும் இல்லாமல் போய்விடுகிற கூட்டங்களைக்கூட கவ்ரில் பார்த்திருக்கிறார், அவரே கை தூக்கியிருக்கிறார். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போட்டுக்கொள்ளலாமா? குளிர்கிறது. ஆனால் திடீரென்று கதவைத் திறந்து கூப்பிடும்போது தலையில் தொப்பியோடு இருந்தால் அலட்சியமாக இருந்தான் என்று ஆகிவிடாதா... மடியிலேயே இருக்கட்டும். குணம் என்பது ஐம்பத்துநாலு வயதில் வழுக்கையில் காற்றுப் பட உட்கார்ந்திருப்பது.

பாஸ்டர் பெனியாமின் காலையில் மேடையிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கித்தான் சொன்னார், உதவிக்காரனுக்கு இரட்டை நாக்கு இருக்கக் கூடாது, குடியில் நாட்டம் கூடாது, பணத்தின்மேல் கண் கூடாது, ஒரே மனைவிக்குக் கணவனாக இருக்க வேண்டும், வீட்டையும் பிள்ளைகளையும் ஒழுங்காக நடத்த வேண்டும்... கை முழுதும் மடங்கி முஷ்டியாகிவிட்டது, அந்த முஷ்டியை அப்படியே கவ்ரிலை நோக்கி நீட்டினார். பணத்தின்மேல் கண், அது பிரச்சினை இல்லை, கண் இருக்கிறது, பணம்தான் இல்லை. இரட்டை நாக்கு... பக்கத்து வீட்டுக் கீத்ஸா நேற்றே வேலிமேல் சாய்ந்துகொண்டு ஆரம்பித்துவிட்டான், அவன் ஊர்ப் பெரிய ஆர்த்தடாக்ஸ் கோயிலைச் சேர்ந்தவன், வருஷத்துக்கு இரண்டு தடவை போவான், அதற்கே பாப்டிஸ்டுகளையெல்லாம் மனந்திரும்பி என்றுதான் கூப்பிடுவான். "ஏய் மனந்திரும்பி, நாளைக்கு உனக்குப் பட்டாபிஷேகமாமே?" "பட்டாபிஷேகம் இல்லய்யா, சபையில விசாரிப்பாங்க." "ரெண்டு நாக்கு இருக்கக் கூடாதாமே, உனக்குத்தான் இருக்கே, மனசு நல்லாயிருந்தா ருமேனிய நாக்கு, கால்ல சுத்தியல் விழுந்துட்டா உங்கம்மா வீட்டு ஹங்கேரிய நாக்கு!" சொல்லிவிட்டு வேலி ஆடுகிற மாதிரி சிரித்தான். கவ்ரிலும் சத்தம் வராமல் சிரித்தார். அன்றைக்கு அந்த வீட்டு முற்றத்தில் கேட்ட ஒரே சிரிப்பு அது, அதுவும் அடுத்தவனுடையது.

குடி... அதைக் கேட்டால்? கவ்ரில் தோட்டத்துப் பிளம் பழங்களைக் கீத்ஸாதான் ஒவ்வொரு வருஷமும் வாரிக்கொண்டு போய் பலிங்கா என்கிற சாராயம் காய்ச்சுகிறான், மனந்திரும்பியவன் காய்ச்சக் கூடாது, பழம் அழுகவும் விடக் கூடாது, அதனால் இப்படி ஒரு ஏற்பாடு. காய்ச்சி முடித்ததும் ஒரு புட்டி வேலிக்கு இந்தப் பக்கம் வரும், "முதுகுல தேச்சுக்க" என்று. முதுகில் தேய்க்கிற புட்டி இல்லாத பாப்டிஸ்ட் வீடு இந்தப் பள்ளத்தாக்கிலேயே கிடையாது, அவ்வளவு முதுகுவலி. மனைவி வெதூரியா இங்கே இருந்தபோது உண்மையாகவே தேய்த்துவிடுவாள், ஞாயிறு சாயங்காலம், அடுப்புக்குப் பக்கத்தில், கை சொரசொரப்பாக இருக்கும், "அசையாதீங்க, சட்டையில ஊத்திடும், நாளைக்கு சபையே மோப்பம் பிடிக்கும்" என்பாள். இப்போது யார் தேய்ப்பது? தன் கை தோள்பட்டைக்குக் கீழே எட்டாது, மேலேயிருந்து போனாலும் எட்டாது, கீழேயிருந்து போனாலும் எட்டாது, நடுவில் ஓர் உள்ளங்கை அகலம் வெதூரியாவின் இடமாகவே நின்றுவிட்டது. இருந்தும் புட்டி குறைகிறது. ஆவியாகிறது என்று வைத்துக்கொள்ளலாம், ஆவியாகிற பொருள்தானே... சே, உதவிக்காரனாகப் போகிறவன் பேசுகிற பேச்சா இது.

உள்ளே பெஞ்சு இழுபடுகிற சத்தம். யாரோ எழுந்து பேசுகிறார்கள். சுவர் தடிமன், ஜன்னல் இரட்டைக் கண்ணாடி, சொல் புரியவில்லை. கவ்ரில் தலையைச் சாய்த்துக் கேட்டார், பிறகு ஒட்டுக்கேட்பதாக ஆகிவிடும் என்று தலையை நிமிர்த்தினார், பிறகு கழுத்து வலிக்கிற மாதிரி பாவனை செய்துகொண்டு மறுபடி சாய்த்தார். யாருக்காகப் பாவனை? முற்றத்தில் ஒரு சேவல்கூட இல்லை.

இதற்கு ஏன் இவ்வளவு ஆசை? பதவி என்றா? பதவியில் என்ன இருக்கிறது, கிண்ணம் கழுவ வேண்டும், நாற்காலி அடுக்க வேண்டும்... ஆனால் மாதத்தின் முதல் ஞாயிறு, அப்பமும் கிண்ணமும் எடுத்துக்கொண்டு, சபைக்கு வர முடியாத நோயாளிகள் வீட்டுக்குப் போக வேண்டும், அதுதான். கதவைத் தட்டினால் திறப்பார்கள். உதவிக்காரனை வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்ப முடியாது, உள்ளே வாங்க பிரதர் என்றுதான் சொல்லியாக வேண்டும், உட்காருங்க என்று சொல்லியாக வேண்டும், தேநீர் வைப்பார்கள், இடுப்புவலியைப் பற்றி, மருமகளைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள், அவர் தலையாட்டலாம். கீத்ஸா வேலியோடு சரி. மகள் தமாரிஸ் ஸ்பெயினில், பண்டிகைக்குப் பண்டிகை ஒரு படம் அனுப்புவாள், பேரன் வாயில் பல் முளைத்ததும் விழுந்ததும் போனில் பார்த்ததுதான். வெதூரியா இத்தாலியில், பிரெஷியாவில், ஒரு பணக்காரக் கிழவியை, நோனா நோனா என்று கூப்பிட்டுக் குளிப்பாட்டி, சோறூட்டி, இரவில் கூடவே படுத்து... ஒன்பது வருஷம். ஒரு வருஷத்துக்கு என்றுதான் போனாள், கூரைக்கும் குளியலறைக்கும். கூரை வந்துவிட்டது, குளியலறை வந்துவிட்டது, ஊதா நிற ஓடு, அவளே போனில் பார்த்துத் தேர்ந்தெடுத்தது, அவள் ஒரு தடவைகூட அதில் குளிக்கவில்லை.

ஒரே மனைவியின் கணவன். அதில் யாரும் குறை சொல்ல முடியாது, ஒன்றுக்கு மேல் போகவே இல்லை, கணக்குப் பார்த்தால் ஒன்றுக்குக் கீழேதான்... வீட்டை ஒழுங்காக நடத்துகிறவன், ஆமாம், அந்த வீட்டைவிட ஒழுங்கான வீடு உண்டா, வைத்த கரண்டி வைத்த இடத்தில், எதிர்த்துப் பேச ஆள் இல்லை, சண்டை இல்லை, கோபம் இல்லை, வாசலில் செருப்பு ஒரு ஜோடி. கோபக்காரன் இல்லை என்று சாட்சி சொல்வார்கள். யார்மேல் கோபப்படுவது? பொறுமைசாலி என்பார்கள். எதைப் பொறுத்தேன்? பாவம் செய்வதற்குக்கூட வீட்டில் இன்னொரு ஆள் வேண்டியிருக்கிறது, அது யாருக்காவது தோன்றியதா... பாஸ்டருக்குத் தோன்றாது, பாஸ்டருக்கு ஐந்து பிள்ளைகள்.

ஆனால் நாக்கு. நாக்குதான் இடிக்கிறது. வெளியூரிலிருக்கிற விசுவாசிகளின் வாழ்த்தை ஆராதனையில் எழுந்து நின்று சொல்வது இங்கே வழக்கம், ஒரு வசனத்தோடு சொல்ல வேண்டும், சொன்னதும் சபை மொத்தமும் "ஏற்றுக்கொள்கிறோம்" என்று சொல்லும். முதல் வருஷங்களில் வெதூரியா சனிக்கிழமை போனில் அவளே சொல்லிவிடுவாள், சபைக்கு வாழ்த்து, இன்ன வசனம், ரொசாலியாக்காவைத் தனியாகக் கேட்டேன்னு சொல்லுங்க. பிறகு வசனம் நின்றது. பிறகு வாழ்த்தும் நின்றது, நோனாவுக்கு மூச்சிரைப்பு, நோனாவுக்குத் தூக்கமில்லை, பேச நேரமில்லை. அந்த ஞாயிறு கவ்ரில் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். பாஸ்டர் அவரையே பார்த்தார், முன்வரிசைச் சிஸ்டர்கள் திரும்பிப் பார்த்தார்கள், அத்தனை கழுத்துகள். எழுந்துவிட்டார். "வெதூரியா உங்க எல்லாருக்கும் வாழ்த்து சொல்றா," சிட்டுக்குருவியும் கூடும் வருகிற ஒரு வசனம் வாயில் வந்தது, சொன்னார். "ஏற்றுக்கொள்கிறோம்." அதிலிருந்து இரண்டு வருஷமாக மாதம் தவறாமல். வெள்ளிக்கிழமை ராத்திரி உட்கார்ந்து வெதூரியாவுக்காக வசனம் தேடினார், அவள் எதைத் தேர்ந்தெடுப்பாள், இது அவளுக்குப் பிடிக்குமா, இல்லை இது ரொம்ப அழுமூஞ்சி... அந்த நேரம் அவள் மேஜைக்கு எதிரில் இருக்கிற மாதிரிதான் இருந்தது. "உன் பெண்டாட்டி இத்தாலி போயி ஆவிக்குரிய ஆளா ஆயிட்டாப்பா, முன்னல்லாம் இவ்ளோ நல்ல வசனமா வராதே" என்று ரொசாலியாக்கா ஒரு தடவை கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். கவ்ரில் வெட்கப்பட்டார், புகழ்ச்சி தனக்கல்லவா.

போன மாதம் பாஸ்டர் பெனியாமின் இத்தாலி போனார், அங்கேயிருக்கிற ருமேனியச் சபைகளில் பிரசங்கம் செய்ய. பிரெஷியாவுக்கும். வந்து ஒரு வாரம் ஆகிறது, கவ்ரிலிடம் ஒரு வார்த்தை இல்லை, சமாதானம் பிரதர், சமாதானம், அவ்வளவுதான். போய்ப் பார்த்தாரா? நீங்க மாசாமாசம் அனுப்பற வாழ்த்து சபைக்கு எவ்வளவு ஆறுதல் தெரியுமா சிஸ்டர், என்று கேட்டாரா? அவள் என்ன வாழ்த்து என்று கேட்டாளா... கவ்ரில் அவளிடம் கேட்கலாம் என்று போன சனிக்கிழமை நினைத்தார், அவளே கூப்பிட்டாள், மூச்சு வாங்கினாள், "இப்பதாங்க வீட்டுக்கு வந்தேன், படி ஏறி வந்தேன்" என்றாள். வீட்டுக்கு. முன்பெல்லாம் அங்கே இருப்பது நோனாவின் இடம், வீடு என்றால் இது. கவ்ரில் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், பாஸ்டரைப் பற்றிக் கேட்கவில்லை, எதைப் பற்றியும் கேட்கவில்லை, சாப்பிட்டியா என்றார்.

உள்ளே குரல் உயர்ந்தது. யாரோ மேஜையைத் தட்டினார்கள். இந்தத் தடவை சொல் தெளிவாகவே வந்தது. "எத்தனை நாளைக்கு மூடி மூடி வைக்கறது? உள்ள எல்லாம் உளுத்துப்போச்சு!" கவ்ரிலுக்குக் காது சூடாயிற்று. வேறொரு குரல், "வெளிய இருந்து பார்த்தா நல்லாத்தான் தெரியும், அதுதான் மோசம்." அதற்குப் பிறகு ஒரே இரைச்சல். ஆகிவிட்டது. தெரிந்துவிட்டது. போய்விடலாமா, பின்வாசல் வழியாக, ஆற்றோரமாக... போனால் எங்கே போவது, அந்த ஒழுங்கான வீட்டுக்குத்தானே. ஆச்சரியம் என்னவென்றால், பயத்துக்குக் கீழே வேறு ஏதோ ஒன்று லேசாக அசைந்தது, ஆறுதல் மாதிரி. வந்து கேட்கட்டும். எதுக்கு கவ்ரில் இப்படிப் பண்ணினே என்று யாராவது ஒருவர் எதிரில் உட்கார்ந்து கேட்கட்டும். சொல்லிவிடலாம். வெதூரியா பேசுவதில்லை என்று, வீடு என்று எதைச் சொல்கிறாள் என்று, முதுகு எட்டவில்லை என்று, எல்லாவற்றையும். இரண்டு வருஷமாக அந்தக் கேள்விக்குத்தான் பதில் தயார் செய்துகொண்டிருந்தோமோ...

கதவு திறந்தது. ரொசாலியாக்கா, கைத்தடியோடு, கக்கூஸ் பக்கம் வேகமாக வந்தவள் பெஞ்சைப் பார்த்து நின்றாள்.

"ஏப்பா கவ்ரில்! நீ இன்னுமா இங்க உக்காந்திருக்க?"

"கூப்பிடலையேக்கா."

"உன்னை அப்பவே எடுத்தாச்சே! கை தூக்கச் சொன்னாரு, தூக்கினோம், முடிஞ்சுபோச்சு. கூப்பிட மறந்துட்டாங்களா? நல்லா இருக்குடா கதை. அங்க கூரைச் சண்டை நடக்குது, உத்தரமெல்லாம் உளுத்துப்போச்சு, தகரத்துமேல தகரம் அடிச்சு மூடியே வச்சிருக்கானுங்க."

"என்னைப் பத்தி... யாரும் எதுவும் கேக்கலையா?"

"உன்னைப் பத்தியா?" கிழவி உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள். "உன்னைப் பத்திக் கேக்க என்னப்பா இருக்கு? எவனும் ஒண்ணும் சொல்லலையே. எழுவது வயசுக்குக் கீழ, ரெண்டு காலும் சரியா நடக்கறவன் நீ ஒருத்தன்தான். நகரு, எனக்கு அவசரம்."

"அக்கா... பாஸ்டர் இத்தாலியைப் பத்தி?"

"சொன்னாரே, இப்பதான், கூட்டம் ஆரம்பிக்கறப்ப. அங்க இருக்கறவங்க வாழ்த்தெல்லாம் சொன்னாரு. உன் வெதூரியா வாழ்த்தும்தான். ஏற்றுக்கொள்கிறோம்னோம்."

"பார்த்தேன்னாரா?"

"வாழ்த்துன்னாரு. வசனத்தோட."

"எந்த வசனம்?"

"அது யாருக்குப்பா ஞாபகம் இருக்கு," என்று கக்கூஸ் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கவ்ரில் நின்றார். அப்படியானால் வெதூரியா பாஸ்டரிடம் வாழ்த்துச் சொல்லி அனுப்பியிருக்கிறாள், சபைக்கு, சபைக்கு மட்டும், சனிக்கிழமை போனில் ஒரு வார்த்தை இல்லாமல்... இல்லையென்றால் பாஸ்டர் அவளைப் பார்க்கவே இல்லை, அவரும் என்னை மாதிரியே எழுந்து நின்றார், அத்தனை கழுத்துகள் திரும்பின, வாயில் ஒரு வசனம் வந்தது. இரண்டில் எது தேவலை? வசனத்தைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், அவள் தேர்ந்தெடுப்பது எது என்று எனக்குத் தெரியாதா... தெரியுமா? இரண்டு வருஷமாக அவளுக்காகத் தேர்ந்தெடுத்தது எல்லாம் யாருடையது? பாஸ்டரிடம் கேட்க முடியாது. கேட்டால் அவரும் திருப்பிக் கேட்பார்.

உள்ளே போனார். ஒருவரும் பேச்சை நிறுத்தவில்லை, சிவப்புத் தகரமா பழுப்புத் தகரமா என்று முன்வரிசை இரண்டாகப் பிரிந்திருந்தது. பாஸ்டர் பெனியாமின் அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி வந்தார், தோளைப் பற்றினார், கண்ணுக்குள் பார்த்தார். கவ்ரில் தொப்பியை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"பிரதர் கவ்ரில்," என்றார் பாஸ்டர், "உங்க வீட்டுல நீளமான ஏணி இருக்குல்ல?"

இருந்தது.