எச்சில் என்று திருப்பிய டப்பாக்கள்

ஆய்வகத்தில் அவளை எல்லோரும் டப்பாக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். காசநோய் சந்தேகத்தில் வருகிறவர்கள் சளி எடுத்துத் தரும் பிளாஸ்டிக் டப்பாக்களை வாங்கிப் பார்ப்பது இருபது வருடமாக அவள் வேலை. மூடியைத் திறந்து ஒரு பார்வை. சளி என்றால் சோதனைக்குப் போகும். வெறும் எச்சில் என்றால், ‘எச்சில், மறுபடி கொண்டுவரவும்’ என்று எழுதித் திருப்பிவிடுவாள். அந்த டப்பாக்கா இன்று மருத்துவ மாநாட்டில் பத்து நிமிடம் பேசப் போகிறாள்.

ஆய்வகத்தின் பெரிய டாக்டருக்கு இதில் அரை மனதுதான். “நான் பேசிடறேன்மா. நீங்க பக்கத்துல நின்னா போதும்” என்று காலையில்கூடச் சொல்லிப் பார்த்தார்.

“டப்பாவைத் திறந்து பாத்தது நான். நானே பேசறேன் சார்.”

“அப்ப திரையில போடப் போற அந்த நாலாவது படத்தையாவது எடுத்துடுங்க. நாம ஏதோ தப்பு பண்ணின மாதிரி இருக்கு.”

“பண்ணினோமே சார்.”

அவர் காபி குடிக்கப் போய்விட்டார்.

அவள் இதில் இறங்கியதற்குக் காரணம் நாத்தனார். மூன்று முறை டப்பா கொண்டுவந்தாள். மூன்று முறையும் எச்சில் என்று எழுதித் திருப்பியவள் இவளேதான். சொந்தக்காரி என்று சலுகை காட்டவில்லையே என்று பெருமை வேறு. எட்டு மாதம் கழித்து ரத்தமாக இருமிக்கொண்டு வந்தபோது ஒரு பக்க நுரையீரல் பாழாகியிருந்தது. “வரிசையில அத்தனை ஆம்பளைங்க நிக்கறப்போ எப்படி அண்ணி காறித் துப்பறது?” என்று நாத்தனார் கேட்டாள். கன்னத்தில் அறைந்தாற்போல் இருந்தது இவளுக்கு. இன்றைக்கும் நினைத்தால் தன்மேலேயே ஆத்திரம் வரும்.

அதற்குப் பிறகு அவள் சும்மா இருக்கவில்லை. எச்சில் என்று திருப்பி அனுப்பிய பெண்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேரைத் தேடிப் பிடித்தாள். கிருமி காற்றோடு போக வேண்டும் என்பதால் அறைக்குள் வேண்டாம் என்று, கட்டடத்துக்குப் பின்னால் வெட்டவெளியில் சுற்றிலும் தட்டி கட்டினாள். ஒவ்வொருத்தியையும் அங்கே நிறுத்தி, எப்படி இருமுவது என்று செய்து காட்டினாள். முப்பத்தொன்பது பேருக்கு நோய் இருந்தது.

மேடையில் இதையெல்லாம் சொன்னாள். நாலாவது படத்தையும் போட்டாள். அதில் அவள் கையெழுத்தில் ‘எச்சில்’ என்று எழுதிய சீட்டுகள் இருந்தன. “இதெல்லாம் எழுதினது நான்தாங்க” என்றாள்.

முதல் வரிசையில் காசநோய்த் திட்டத்தின் தலைவர் இருந்தார். அவர் தலையசைத்தால் எல்லா மையங்களிலும் தட்டி வரும். அசைக்காவிட்டால் முப்பத்தொன்பதோடு கதை முடிந்தது.

அவர் உதட்டைப் பிதுக்கினார். “பெண்களுக்கு மூச்சுப் பலம் கம்மிம்மா. சளி மேல வராது. எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானே? இதுல தட்டி என்ன பண்ணும்?”

அரங்கில் லேசாகச் சிரித்தார்கள். அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. மைக்கைப் பிடித்தாள். இரண்டு முறை மூச்சை ஆழமாக இழுத்து விட்டு, மூன்றாவது மூச்சில் அடிவயிற்றிலிருந்து இருமிக் காறினாள். ஒலிபெருக்கி அதை மூலைமுடுக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தது. பெரிய டாக்டரின் முகத்தில் ஈயாடவில்லை.

“அவங்களுக்கு நான் சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதாங்க. இங்க இருக்கற டாக்டரம்மாங்களை ஒண்ணு கேட்டுக்கறேன். தினமும் நோயாளிங்ககிட்ட நல்லா காறித் துப்புங்கன்னு சொல்றீங்க. எங்க, யாராவது ஒருத்தர் இப்ப செஞ்சு காட்டுங்க.”

அறுபது பெண்களாவது இருப்பார்கள். ஒருத்தி கைப்பையில் எதையோ தேட ஆரம்பித்தாள். ஒருத்திக்கு நிகழ்ச்சி நிரலின் மேல் திடீரென்று அக்கறை வந்துவிட்டது. ஓரத்தில் ஒருத்தி நிஜமாகவே மூச்சை இழுத்தாள். பக்கத்து ஆண்கள் திரும்பியதும் சத்தமில்லாமல் விட்டுவிட்டாள். அரை நிமிடம் போயிற்று. டப்பாக்கா விடுவதாக இல்லை, காத்துக்கொண்டு நின்றாள்.

“பாத்தீங்களா ஐயா? இவங்க யாருக்கும் மூச்சுல குறை இல்லை.”

தலைவர் திரும்பி, வரிசை வரிசையாகக் குனிந்திருந்த தலைகளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

“அந்தத் தட்டி என்ன உயரம் இருக்கணும்?”